தாய்லாந்து திருப்பி அனுப்பிய குட்டை

பெருங்குடி ஆபீஸில் எனக்கு வேலை, ஆங்கிலச் சொற்களுக்குத் தாய்லாந்து மொழியிலும் தமிழிலும் பொருள் சொல்லும் பட அகராதி தயாரிப்பது. ‘புட்டிங்’ என்ற இனிப்பில் சிக்கலே இல்லை. தாய்லாந்துக்காரர்களும் புட்டிங் என்றுதான் சொல்கிறார்கள். அடுத்து ‘படில்’ வந்தது. அவர்கள் மொழியில் ‘ஏங் நாம்’. ‘மழைக்குப் பின் தேங்கி, சீக்கிரமே காய்ந்துவிடும் சிறு குட்டை’ என்று தமிழில் பொருள் எழுத வேண்டுமாம். தேங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் வற்றாத மேற்கு மாம்பலத்தில் குடியிருந்துகொண்டு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதை எழுதுவது?

படத்துக்கு எங்கள் வாசல் பள்ளத்தையே எடுத்து அனுப்பினேன். வண்டிக்காரர்கள் விழாமலிருக்க, எதிர்வீட்டு மாமா அதில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டுவைத்திருந்தார். பாங்காக்கில் படங்களைச் சரிபார்க்கும் பெண், “இது கால்வாய். நடுவில் மரம் வேறு நிற்கிறது” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். வீடு திரும்பியதும் கோபத்தோடு பள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். கொம்பு துளிர்த்திருந்தது. எதிர்வீட்டு மாமி அதில் கீரை பறித்துக்கொண்டிருந்தார், அடைக்காம்.

போன வாரம் ஒருவழியாகப் பள்ளத்தை மூடத் தார் வண்டி வந்தது. இறங்கிய ஆள் முருங்கையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். “மரத்த வெட்ட பர்மிஷன் கீதா சார்?” என்று கேட்டார். இல்லை என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.