மொட்டைக் கடிதத்தின் தலையில் ஒரு சிலுவை

என் மகளுக்கு நிச்சயித்த கல்யாணத்தைக் கெடுத்தவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். கை நீட்டி அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அவன் மொட்டைக் கடிதம் போட்டான்.

மாப்பிள்ளை வீடு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். சர்ச்சில் கல்யாண அறிவிப்பை முதல் தடவை வாசித்த அடுத்த வாரமே மாப்பிள்ளையின் அப்பா வந்தார். உட்காரக்கூட இல்லை. கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு என்று எழுதியிருந்தது. பச்சைப் பொய். கையெழுத்து இல்லை, எழுத்தும் இடது கையால் எழுதியதுபோல் கோணலாக இருந்தது. ஆனால் தாளின் தலையில் ஒரு சின்னச் சிலுவை, அதன் அடியில் இரண்டு குட்டைக் கோடுகள். எதை எழுதினாலும் முதலில் அதைப் போட வேண்டும் என்று எங்கள் அப்பா எங்கள் இருவருக்கும் பழக்கியது. எழுத்தை மாற்றத் தெரிந்த மடையனுக்கு அந்தச் சிலுவையைப் போடாமல் இருக்கத் தெரியவில்லை.

காரணமும் எனக்குத் தெரியும். அவன் மகன் முறை மாப்பிள்ளை. அவனுக்குக் கொடுக்காமல் வெளியில் கொடுத்தேன் என்ற ஆத்திரம்.

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் கணவர் போலீசுக்குப் போகலாம் என்றார். அவருடைய தம்பிகள் காலை உடைக்கிறோம் என்று கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். பழிவாங்குவது நம் வேலையில்லை, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றேன். எங்கள் சர்ச் ஐயர் பேர் சொல்லாமல் இதைப் பிரசங்கத்தில்கூடச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒருவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. தினமும் காலையில் முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நான் அதை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். தம்பியோடு பேச்சில்லை. செய்யூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இரண்டு வருடம் கழித்து மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவரை நிறுத்தினேன். திருவிருந்து ஞாயிறுகளில் நான் முன்னால் போய் மண்டியிடுவேன். அக்காவோடு பகை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது என்று அவன் கடைசி பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருப்பான். திரும்பி வரும்போது அதைப் பார்ப்பேன். நன்றாக இருக்கும்.

பிறகு அவனுக்குச் சர்க்கரை முற்றி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. என் வாய் தானாக "ஸ்தோத்திரம்" என்றது. அன்றைக்கு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புண் ஆறவில்லை. மேலே ஏறிவிட்டது, இனி கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் உங்களைப் பார்க்கணும் என்கிறான் என்று அவன் மனைவி போன் செய்தாள். போனேன். கட்டிலில் பாதி ஆள்தான் கிடந்தான். அவனைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். "எக்கா, நாந்தான் எழுதுனேன்னு தெரிஞ்சும் நீ என்ன ஒண்ணும் பண்ணல. உன் மனசு எனக்கு இல்லாம பூட்ச்சி. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"மன்னிச்சிட்டேன்டா" என்றேன். பொய்யில்லை. ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. உனக்கு இப்படி ஒன்று வர வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன், வந்தபோது சந்தோஷப்பட்டேன், நீ என்னை மன்னி என்று கேட்டிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவன் மனைவி கஞ்சியோடு நின்றாள். நாளைக்குத் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் என் பஸ் செங்கல்பட்டு போய்ச் சேருவதற்குள் போய்விட்டான்.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உங்களாலதான் அண்ணி அவரு நிம்மதியா கண்ண மூடுனாரு" என்றாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.