தவுட்டுப்பழ மேடு

தவுட்டுப்பழத்தின் தோல் பூனைக்குட்டியின் காதைப்போல மெத்தென்றிருக்கும். திராட்சை அளவுதான், பழுத்தால் கருநீலம், தலையில் காய்ந்திருக்கும் இதழ்களைக் கிள்ளிவிட்டு வாயில் போட்டு நசுக்கினால் இனிப்பும் துவர்ப்பும் ஒன்றாக இறங்கி, நாக்கு சாயங்காலம்வரை ஊதாவாகவே கிடக்கும்.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் "லயத்தில்", அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், நான் வளர்ந்தேன். ரோட்டோரச் செடிகளில் காய் பழுக்குமுன்பே பிள்ளைகள் பறித்துவிடுவோம் என்பதால் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் துவர்ப்புதான். என் வகுப்புத்தோழி செல்வியின் நாக்கு மட்டும் சீசன் முழுக்க ஊதாவாக இருந்தது. அவள் அம்மா மாரியத்தை வாரமெல்லாம் "கொழுந்து" கிள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கோ போய்க் கூடை நிறையப் பழத்தோடு வருவாள். பஸ் நிற்குமிடத்தில் இலையில் குவித்து விற்பாள். கணவன் இல்லாத அந்த வீட்டில் செல்வியின் நோட்டும் செருப்பும் அந்தப் பழத்தை நம்பித்தான் இருந்தன.

நாலாம் வகுப்பில் ஒருநாள் செல்வி என்னை அங்கே கூட்டிப்போனாள். யூகலிப்டஸ் தோப்பைத் தாண்டி, ஓர் ஓடையைக் கடந்தால் புல்மேடு. அதில் எங்கள் தோளுயரச் செடிகள், கிளை தாழப் பழுத்து நின்றன.

"யாருட்டயும் சொல்லிராத புள்ள. சொன்னா ஒரே வாரத்துல மொட்டையடிச்சிருவாங்க" என்றாள்.

அடுத்த மாதம் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு சார் எங்கள் வகுப்புக்கு வந்தார். "தவுட்டுப்பழத்தத் தோட்டத்துல வளக்க முடியுமான்னு பாக்குறோம். நல்லாக் காய்க்கிற செடி எங்க இருக்கு, யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நான் கையைத் தூக்கினேன். ஏன் தூக்கினேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதில் தெரிந்து நான் கை தூக்கிய முதல் கேள்வி அது.

சனிக்கிழமை சாரோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதிப் பேர் மேடேறினோம். அவர் கொஞ்சம் பழமும், ஈரச்சாக்கில் சுற்றிய சில குச்சிகளும்தான் எடுத்தார். ஆனால் வழி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மறுவாரம் மாரியத்தை போனபோது செங்காய்கூட மிச்சமில்லை; எட்டாத பழத்துக்காகக் கிளைகளையே முறித்துப் போட்டிருந்தார்கள்.

அவள் வெறுங்கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டை வரும் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஒம் மக நல்லாப் படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செல்வி பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு மாரியத்தை அவளைக் கூட்டிக்கொண்டு வட்டவடையில் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள்.

பிளஸ் டூ முடித்ததும் அதே சார்தான் நிலையத்தின் நாற்றுப்பண்ணையில் எனக்கு வேலை வாங்கித் தந்தார். அன்று மேட்டிலிருந்து கொண்டுபோன குச்சிகள் லேசில் வேர்விடவில்லையாம். அந்தப் பழங்களின் விதையிலிருந்து முளைத்தவை மெல்ல வளர்ந்தன. அவற்றில் நன்றாகக் காய்த்ததன் விதையை எடுத்து மறுபடி போட்டு, இப்படியே வருஷங்கள் போயின.

போன வருஷம் கேரட் தோட்டத்து வரப்பில் நட நாற்றுக் கேட்டு வட்டவடையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. இறங்கியவள் செல்வி. ஒரு பழம் பறித்துக் கொடுத்தேன்.

"பெருசா இருக்கே. எந்த ஊருச் செடி?"

"நம்ம மேட்டுச் செடிதான்."

அவள் மென்றுகொண்டே நின்றாள். "அன்னைக்கு நான் கை தூக்கியிருக்கக் கூடாது, செல்வி" என்றேன்.

"அம்மா சாகுறவரைக்கும் ஒம் பேச்சையே எடுக்கல. நல்லதாவும் சொல்லல, கெட்டதாவும் சொல்லல" என்றாள். பிறகு நாற்றுகள் சாயாமலிருக்க ஜீப்பில் கயிறு கட்டினாள். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.

இந்த மாதம் அந்த மேட்டுக்குப் போனேன். புல் இருந்த இடத்தில் ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. அதற்குப் பின்னால், புல்மேடுகளை மூடிப் பரவும் வாட்டில் என்ற வெளிநாட்டு மரங்கள். சுற்றித் தேடியும் ஒரு தவுட்டுச்செடிகூடக் கண்ணில் படவில்லை. அன்று நான் காட்டிக்கொடுத்ததால்தான் அந்த வம்சம் பிழைத்தது என்கிறார், ஓய்வுபெற்றுவிட்ட சார். அப்படித்தான் இருக்க வேண்டும். மாரியத்தை இருந்திருந்தால் இதை அவளிடம் எந்த வாயால் சொல்லியிருப்பேன் என்றுதான் தெரியவில்லை.