பத்து நிமிஷம்னு சொல்லாம நமுனுகுல ஏறின நாள்

ஆளுங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போற வேலையில கால் நோவு பெருசில்லைங்க, "இன்னும் எவ்வளவு தூரம்?"னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்றதுதான் பெரிய நோவு. வாடிக்கைக்காரங்ககிட்ட பல்லைக் காட்டிப் பொழைக்கிற அத்தனை பேருக்கும் இது வெளங்கும்.

நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துல பதினாறு வருஷம் கொழுந்து எடுத்தவ. இப்ப எல்ல டவுன்ல ஒரு ஹோட்டல்ல கைட். என்கிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம். யார் தூரம் கேட்டாலும், "இந்தா, பத்து நிமிஷம்"னு வாய் தானா சொல்லிரும். என்ன பண்றது? எங்க கங்காணி அப்படிச் சொல்லித்தான் எங்கள வேலை வாங்குவாரு. ரெண்டு மணிநேரத் தேயிலை நெரையைக் காட்டி, "பத்து நிமிஷ வேலை புள்ளைங்களா"ம்பாரு. பொய்யின்னு தெரிஞ்சே எடுத்து முடிப்போம். ஹோட்டல்ல தங்குறவங்களுக்கு அது தெரியாதே! மெய்யின்னு நம்பி ஏறி, எறங்கி வந்து ரெண்டு பேர் புகார் எழுதிட்டாங்க.

ஹோட்டல்லயும் பெரட்டு

அன்னைக்கு விடிய முந்தியே மெனேஜர் என்னை முத்தத்துல நிக்க வச்சிட்டாரு. தோட்டத்துல காலைல பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு மாதிரியேதான். யாழ்ப்பாணத்துலருந்து பத்மினி டீச்சரும் அவங்க வீட்டுக்காரர் சிவம் சாரும் வந்திருக்காங்க, நமுனுகுல மலைக்குக் கூட்டிட்டுப் போகணும்னாரு. சரிங்கன்னேன். அவரு விடல.

தலையில மாட்டுற கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்த இழுப்புல என் கழுத்து இன்னும் நேரா திரும்பாது. இனி அந்தக் கயித்தத் தொடவே மாட்டேன்னு இருந்தேன். அது அவருக்கும் தெரியும். மெதுவாத்தான் சொன்னாரு: "மேரி, இன்னொருத்தர் வந்து பத்து நிமிஷம்னு புகார் சொன்னா, நாளைலருந்து நீ கூடையத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக்கே போயிரு."

டீச்சரோட மணிக்கூடு

தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற கடைசி லயத்தைத் தாண்டும்போது மணி ஆறு. கச்சான் காத்து அந்நேரத்துக்கே மண்ணை வாரி மூஞ்சில அடிக்குது. டீச்சர் நடையைப் பார்த்ததவிட கையில கட்டுன மணிக்கூட்டைப் பார்த்ததுதான் அதிகம். பாடம் முடிய மணியடிக்கக் காத்திருக்குறவங்க மாதிரி இருந்தாங்க.

கால் மணிநேரம் போகல, தூரத்தைக் கேட்டுட்டாங்க. எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. மாதாவே காப்பாத்துன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு, "இன்னும் நாலு மணிநேரம் இருக்குங்க டீச்சர்"னு உண்மையச் சொன்னேன். பொத்துன்னு கல்லு மேல உக்காந்துட்டாங்க. "நாலு மணித்தியாலமோ! வெளிக்கிட முதல் சொல்லியிருக்கலாமே, பிள்ளை!"

பைக்குள்ள கொழுந்து

தேயிலை முடிஞ்சு மானாப்புல்லு மேட்டுல ஏறும்போது டீச்சரோட முதுகுப் பை வாரு அறுந்து போச்சு. உள்ள புட்டும் மீன்கொழம்பும், ஒரு பட்டாளத்துக்குக் காணும். அத நான் வாங்கி, கயித்தைக் கட்டி, கூடை மாதிரி தலையில மாட்டிக்கிட்டேன். அட, அந்தக் கயிறு வேணாம்னு ஓடி வந்தவதான்! ஆனா வழுக்குற மேட்டுல ரெண்டு கையும் சும்மா இருக்கணுமே.

கை சும்மா இருந்தாத்தானே? ஓரத்துச் செடி எதுன்னுகூடப் பார்க்கல, அதுபாட்டுக்கு நுனியக் கிள்ளி, தோளுக்குப் பின்னால போட்டுக்கிட்டே வந்திருக்கு. நானும் டீச்சர்கிட்ட பேசிக்கிட்டே வந்ததுல கவனிக்கல. நெழல்ல உக்காந்து பையை எறக்குனா, திறந்த வாயி நெறைய பச்சை எலை. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. காலைலருந்து வாயே திறக்காத சிவம் சார் எட்டிப் பார்த்துட்டுச் சொன்னாரு: "பத்மினி, புட்டுக்கு இலைக்கறியும் வந்திட்டுது."

அட்டை

காட்டுக்குள்ள ஓடையத் தாண்டுனா அட்டை. சவுக்காரத்தை, அதாங்க சோப்பை, காலுல பூசச் சொன்னேன், டீச்சர் கேக்கல. மூணு ஏறிருச்சு. நான் பதறிப் போய்ப் புடுங்குறேன், அவங்க அசையவே இல்ல. "என்ர பத்தாம் வகுப்புப் பிள்ளையளை விட இது பரவாயில்லை, இரத்தம் மட்டும்தான் குடிக்குது."

பாறையடி

உச்சிக்குக் கீழ செங்குத்துப் பாறை. அங்க டீச்சர் உக்காந்துட்டாங்க. "எனக்கு ஏலாது. உண்மையச் சொல்லும், இன்னும் எவ்வளவு?"

நீங்களே சொல்லுங்க, என்ன சொல்ல? பத்து நிமிஷம்னா புகார். உள்ளதச் சொன்னா எறங்கிருவாங்க, உச்சி காட்டலன்னு அதுவும் புகார். எனக்கு அழுகையே வந்திருச்சு. "முக்கா மணிநேரங்க டீச்சர். பத்து நிமிஷம்னு பொய் சொன்னா என் வேலை போயிரும்"னு கங்காணி கதையிலருந்து மெனேஜர் பேச்சு வரைக்கும் ஒப்பிச்சிட்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்தாங்க, மலையப் பார்த்தாங்க. சிரிப்பு வந்திருச்சு அவங்களுக்கு. மணிக்கூட்டைக் கழட்டி வீட்டுக்காரர் பாக்கெட்டுல போட்டாங்க. "இப்ப நீர் உம்மட பத்து நிமிசத்தைச் சொல்லும், நான் எழும்புறன்."

எறங்குற வழி

அப்பறம் பாறை முடியுற வரைக்கும் "இந்தா, பத்து நிமிஷம்"னு அஞ்சு தடவ சொல்லி ஏத்தினேன். உச்சியில எலையப் பொறுக்கிப் போட்டுட்டுப் புட்டு சாப்பிட்டோம்.

எறங்கும்போது, எதிர்க்க கொழும்பு புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் நாக்குத் தள்ளி ஏறி வந்து தூரம் கேட்டாங்க. நான் வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். டீச்சர்தான் கையை வீசி, "இந்தா, பத்து நிமிசம்!"னாங்க.

விதியப் பாருங்க, அவங்களும் எங்க ஹோட்டல்தான். சாயங்காலம் நொண்டிக்கிட்டே வந்து, "மலையில பத்து நிமிஷம்னு ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரே சத்தம். மெனேஜர் "மேரீ!"ன்னாரு. என் கை தானா கழுத்தைத் தடவுது. தேத்தண்ணி குடிச்சிட்டிருந்த டீச்சர் கோப்பையை வச்சிட்டு எழும்புனாங்க. "தம்பி, அதைச் சொன்னது நான். வேணுமெண்டால் என்னைக் கொழுந்து பறிக்க அனுப்புங்கோ."

இப்பல்லாம் நான் யாருக்கும் பத்து நிமிஷம்னு சொல்றதே இல்லைங்க. கால் மணிநேரம்னுதான் சொல்றேன்.