ஒன்றாம் நம்பர் கஃப்பைப் பூட்டி வைத்த கதை

பச்சிளம் குழந்தைகள் ஐ.சி.யு.வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்சுகளுக்காக இதை எழுதுகிறேன். என் சாமர்த்தியத்தைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. இது நான் அசடு வழிந்த கதை.

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்தேன். ஒருநாள் காலை டூட்டிக்குள் நுழைந்தால் ஜோதியின் மகன் இருந்த இன்குபேட்டரைச் சுற்றிக் கூட்டம். இருபத்தெட்டு வாரத்தில் பிறந்து ஆறு நாளான பிள்ளை, ஒரு கிலோகூட இல்லை. ஜோதி வரதய்யபாளையத்துப் பெண். ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை. பிள்ளையை முதன்முதலாக நெஞ்சோடு அணைத்துக்கொள்ள, அதாவது கங்காரு கேருக்கு, அன்றுதான் டாக்டர் அனுமதி தந்திருந்தார். குளித்து, தலை வாரி, வாசலில் தயாராக நின்றாள்.

மானிட்டரிலோ சராசரி பி.பி. இருபத்தொன்று! எத்தனை வாரத்துப் பிள்ளையோ, சராசரியும் ஏறக்குறைய அத்தனை இருக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு.

"பி.பி. ஏற டோபமின் ஸ்டார்ட் பண்ணிடலாம் சிஸ்டர். கங்காரு கேன்சல்" என்றார் டாக்டர்.

ஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு நாளா கண்ணாடிக்கு வெளியவே நின்னுக்கினு இருக்கேன் சிஸ்டர். இன்னிக்கும் இல்லையா?"

பிள்ளையைப் பார்த்தேன். நிறம் நன்றாக இருந்தது. நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தால் இரண்டு எண்ணுவதற்குள் ரத்தம் திரும்பியது. டயப்பர் கனமாக நனைந்திருந்தது. பி.பி. விழுந்த பிள்ளை இப்படியா ஒன்றுக்குப் போகும்?

"சார், பத்து நிமிஷம் குடுங்க. நான் ஒரு தடவ பாத்துடறேன்."

"சரே, பத்தே நிமிஷம்" என்றார் அவர், தெலுங்குக்காரர்.

போர்வையை விலக்கினால் கையில் பி.பி. பார்க்கச் சுற்றும் பட்டை, மூன்றாம் நம்பர் கஃப். பெரியப்பா சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிய மாதிரி சுற்றி, பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது. டேப் வைத்துக் கையை அளந்தேன். சுற்றளவு ஐந்து சென்டிமீட்டர். மூன்றாம் நம்பரோ ஆறுக்கு மேற்பட்ட கைக்கு. கஃப் பெரிதானால் பி.பி. குறைத்துக் காட்டும், சிறிதானால் கூட்டிக் காட்டும். ஊருக்கெல்லாம் நான் எடுக்கிற பாடம் இது.

"யாரும்மா இந்த அழகைச் செஞ்சது?" என்று கத்தினேன்.

நைட் டூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த ஸ்டாஃப் நர்ஸ் லதா திரும்பினாள். "ஒண்ணாம் நம்பர் பாக்ஸ நீங்கதானேக்கா பீரோவுல வெச்சிப் பூட்டிக்கினு போனீங்க? போன் பண்ணா எங்கள கடிச்சித் துன்னுடுவீங்களே!"

போச்சுடா! சின்ன கஃப்கள் படுக்கை விரிப்போடு சுருண்டு சலவைக்குப் போய்விடும். இரண்டு முறை சலவைக்காரர் அவற்றை இஸ்திரி போட்டே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோபத்தில் புது டப்பாவைப் பூட்டியவள் நான்தான். சாவி என் கைப்பையில்.

பீரோவைத் திறந்தேன். ஒன்றாம் நம்பரைக் கட்டினேன். அழும்போது பார்த்தால் எண் எகிறும் என்பதால் பிள்ளை அடங்கும்வரை காத்திருந்து, விட்டு விட்டு மூன்று முறை பார்த்தேன். முப்பது, முப்பத்தொன்று, மறுபடி முப்பது. டாக்டரும் பிள்ளையைத் தொட்டு, தட்டிப் பார்த்தார். சந்தேகம் மிச்சமிருந்தால் தமனியில் லைன் என்னும் மெல்லிய குழாய் போட்டு அளந்திருப்போம், கஃப்பைவிட அது நம்பகமானது. தேவைப்படவில்லை.

"பர்வாலேது, மருந்து வேணாம்" என்றவர் பீரோவைப் பார்த்தார். "அதுக்குப் பூட்டும் வேணாம் சிஸ்டர்."

லதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் கேட்கவே பயந்தார்கள் என்பதுதான் பூட்டைவிடப் பெரிய தப்பு. எண்ணை நம்பும் முன் பிள்ளையைப் பாருங்கள், பிறகு கஃப்பைப் பாருங்கள். இன்சார்ஜ் ஆனால், எந்நேரமும் உங்களுக்கு போன் பண்ணலாம் என்று சொல்லி வையுங்கள்.

ஜோதியிடமும் மறைக்க மனசு வரவில்லை. "உன் பிள்ளை நல்லா இருக்கான்மா. தப்பு என்னோடது. சரியான கஃப்ப நான் பூட்டி வெச்சுட்டேன்" என்றேன். வசவு வாங்கத் தயாராக நின்றேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "அத்த அப்பறம் பேசிக்கலாம் சிஸ்டர். மொதல்ல புள்ளய குடுங்க."