கூப்பன் இல்லாத அசனம்

அரிசி வேகாதாம். முப்பது வருஷமாக வெந்துகொண்டிருந்த அரிசி போன வருஷம் திடீரென்று வேகாமல் போய்விட்டது. சபைக் கமிட்டியில் செயலாளர் அப்படித்தான் சொன்னார்.

புனே பக்கம் தாபோடியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைக் கடவுளுக்கென்று தனி டப்பாவில் போடுவோம். மாதத்தின் முதல் ஞாயிறு அதை ஆலயத்து டிரம்மில் கொண்டுவந்து கொட்டுவோம். அறுப்பின் பண்டிகையன்று அந்த அரிசியைப் பொங்கித்தான் அசனம். ஏழை பணக்காரன் பார்க்காமல் எல்லோரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. எங்களில் யாருக்கும் இங்கே வயல் கிடையாது. பட்டறையிலும் கம்பெனியிலும் மாரடித்துக் கொண்டுவருகிற சம்பளம்தான். எங்களுக்கு அறுவடை என்றால் அந்த டிரம்தான்.

அதில் ஒரு வீட்டுப் பொன்னி இருக்கும், ஒரு வீட்டுக் கோலம் அரிசி இருக்கும், பார்த்தாலே குழைந்துவிடுகிற இந்திராயணி இருக்கும், ரேஷன் அரிசியும் இருக்கும். ஒன்று வேகும்போது இன்னொன்று குழையும். அது நிஜம்தான். முணுமுணுத்துக்கொண்டே தின்றுவிட்டுத்தான் போயிருக்கிறோம், யாரும் செத்துப்போகவில்லை.

"ஆன்ட்டி, மிக்ஸ் ஆன ரைஸ் ஈவனா குக் ஆகாது" என்றார் செயலாளர். "கேட்டரிங்ல பிரியாணி சொல்லிடலாம். மெம்பர் ஃபேமிலிக்குக் கூப்பன் குடுத்துட்டா கூட்டத்தை கன்ட்ரோல் பண்ணிடலாம். இந்த அரிசியை அனாதைக் காப்பகத்துக்கு அனுப்பிடலாம்."

சென்னையிலிருந்து வந்த மென்பொருள்காரர், என் மகன் வயது. நல்ல பிள்ளைதான், அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

கூப்பன் என்றதும் எனக்கு ஒரு பெண்ணின் முகம்தான் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. சாகண் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. அறைத் தோழிகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஆலயத்துக்கு வருவாள். மாதம் தவறாமல் ஒரு பாலிதீன் பையில் அரிசி கொண்டுவந்து, டிரம்மின் சாவி என்னிடம் இருப்பதால் என் கையில் தருவாள். ஆனால் சபையில் உறுப்பினர் இல்லை. உறுப்பினராக வேண்டுமென்றால் ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வேண்டும். கடிதம் எழுதி வாங்கி வருவதற்குள் இவளுடைய ஒப்பந்தமே முடிந்துவிடும்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு அவளே கேட்டாள். "கூப்பன் மெம்பருக்கு மட்டுந்தானாம்லாக்கா? பரவால்ல, நாங்க ஆராதனை முடிஞ்சதும் பஸ்ஸுக்குப் போயிருதோம்." சொல்லிவிட்டு வழக்கம்போல அரிசிப் பையை நீட்டினாள். அந்தப் பையை வாங்குவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

வேதம் வாசிக்காத வீடு எங்கள் சபையில் இல்லை. மோசே பண்டிகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற இடத்தில், நடுவிலே திடுமென்று, அறுக்கும்போது வயலின் ஓரங்களை விட்டுவிடு, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று வரும். பிறகு பழையபடி அடுத்த பண்டிகை. ரொம்ப நாள் அது இடம் மாறி வந்த வரி என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, சரியான இடத்தில்தான் இருக்கிறது. பண்டிகையில் யாரெல்லாம் சந்தோஷப்பட வேண்டும் என்று இன்னொரு இடத்தில் பட்டியலே உண்டு. வேலைக்காரி இருக்கிறாள், விதவை இருக்கிறாள், அந்நியன் இருக்கிறான். மாற்றுக் கடிதம் வைத்திருப்பவன் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுபோகிறவன் பலிபீடத்தின் முன்னால் நின்று, என் முன்னோன் ஊர் ஊராய் அலைந்தவன், எகிப்திலே பரதேசியாய் இருந்தவன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். நாமும் பிழைக்க வந்தவர்கள்தான் என்பதை மறந்துவிட்டு எத்தனை கூடை வைத்தால்தான் என்ன? நான் கல்யாணமாகி ஒரு டிரங்குப் பெட்டியோடு இங்கே வந்த முதல் வருஷம், கடிதம் எங்கே என்று கேட்காமல் எனக்கு இலை போட்டார்கள். என் கடிதம் வந்து சேர இரண்டு வருஷம் ஆனது.

கமிட்டியில் போய் முகத்துக்கு நேரே சொன்னேன். "பாதி அரிசியைக் காப்பகத்துக்கு அனுப்புங்க. பாதிய நான் பொங்கப் போறேன். அரிசி மட்டும் வேணும், ஆளு வேண்டாம்னா அதுக்குப் பேரு காணிக்கை இல்ல."

"ஆன்ட்டி, நீங்க இதைப் பர்சனலா எடுத்துக்காதீங்க."

"பர்சனலாத்தான் எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

வீட்டுக்காரர் "ஊரோட ஒத்துப் போயேன்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேகாத அரிசிக்கு வழி எங்கள் திருநெல்வேலிக்காரிகளுக்குத் தெரியாதா? கூட்டாஞ்சோறு. அரிசியும் பருப்பும் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் ஒரே பாத்திரத்தில் போட்டு, எல்லாம் குழைகிற வரைக்கும் விட்டுவிட வேண்டியதுதான். பக்கத்து மராட்டி வீட்டிலிருந்து பதேலா என்கிற பெரிய அண்டாவை வாங்கி, விடியற்காலையிலேயே பொங்கி ஆட்டோவில் ஏற்றினேன். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. இருக்கட்டும்.

ஆராதனை முடிந்தது. ஷாமியானாவுக்குள் பிரியாணி, வாசலில் கூப்பன் வாங்க ஒரு மேசை. இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நான் பாயை விரித்து அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"நான் பரிமாறுதேன்க்கா. எங்க அரிசியும் இதுல இருக்குல்லா" என்று கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இவளுக்குச் சோறு போடுவதற்காக அல்லவா நான் இத்தனை சண்டை போட்டேன்? அவள் விருந்தாளியாக வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூப்பன் வைத்திருந்த பழைய குடும்பங்கள் சில தட்டோடு எங்கள் பாய்க்கு வந்தன. வாட்ச்மேன் வந்தார். அவள் சளைக்காமல் போட்டாள். கடைசியில் செயலாளர் வந்து பாயின் ஓரத்தில் நின்றார்.

"உக்காருங்கண்ணே, இதுக்குக் கூப்பன் வேண்டாம்" என்றாள்.

அவர் முகம் சிவந்தது. "அப்புறம் வரேன்மா" என்று முனகிவிட்டு ஷாமியானாவுக்குத் திரும்பிப் போனார்.

"வராட்டிப் போறாவ" என்றாள் அவள். "அவிய பங்க எடுத்து வச்சிரட்டாக்கா?"

ஒன்றும் வேண்டாம், பிரியாணி தின்னட்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் ஒரு தட்டு நிறையச் சோற்றை எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, தனியாக வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.