ஆரஞ்சுப் பூஞ்சை தேடி வந்தவர்

எரித்த மக்காச்சோளத் தட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூஞ்சை படரும். அதைச் சேகரிக்கப் பரளச்சிப் பக்கம் வந்த ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு மூன்று நாள் கார் ஓட்டினேன். ஒடிசலான உடம்பு, காதோரம் நரை. எந்தக் காட்டில் இறங்கினாலும் முதலில் வெளியூர்க் கல்லூரியில் படிக்கும் மகனுக்குப் போன் போடுவார். "ஒரு கண்ண மூடிக்கிட்டு எதிர்ல எழுதியிருக்கிறத வாசிப்பா" என்பார். பிறகு மறு கண்.

மூன்றாம் நாள் மகன் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். நான் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கார் மேல் வைத்துவிட்டு மறுபடியும் நம்பரைத் தட்டினார்.

"என்ன மேடம் ஆச்சு?"

"இந்தப் பூஞ்சையில சிலது நல்லா வளந்துக்கிட்டிருக்கும்போதே செத்துப்போகும். செல்லுக்குச் சக்தி கொடுக்குற எடத்துல ஒரு கோளாறு, தாய் வழியா வர்றது. எங்க குடும்பத்துலயும் அந்த மாதிரி ஒண்ணு இருக்கு. என் தம்பிக்கு இருபது வயசுல ரெண்டு கண்ணும் போச்சு. அது எனக்குள்ளயும் இருக்கு, என் கண்ணுக்குத்தான் ஒண்ணும் ஆகல. என் பையனுக்கும் என்கிட்டருந்து போயிருக்கும்."

"பையன்கிட்டச் சொல்லிரலாம்ல மேடம்?"

"சொன்னா அவனும் என்னை மாதிரி தினமும் பயந்துக்கிட்டேதான் கண்ணத் தொறப்பான்."

அப்போது மகனே கூப்பிட்டான். வகுப்பில் இருந்தானாம். அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார்.

சாயங்காலம் அருப்புக்கோட்டையில் பஸ் ஏற்றிவிட்டேன். பிறகாவது சொன்னாரா என்று தெரியாது. அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.