சங்கிலிபூதத்தான் ஜெயித்த போர்

கீழப்பத்து சங்கிலிபூதத்தானிடம் யாரும் யானையைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் ரோமாபுரியோடு மோதிய பழங்காலத் தளபதி ஹன்னிபால் வந்துவிடுவான். ஆல்ப்ஸ் மலையின் பனியில் யானைகளை ஏற்றி இறக்கிய கதை தொடங்கிவிடும். நான் முதலில் கேட்டபோது நாற்பதுக்கும் குறைவாக இருந்த யானைகள், போன தீபாவளிக்குள் நூறைத் தாண்டிவிட்டன. கணக்குக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வழியில் குட்டி போட்டிருக்கும் என்பார்.

அவருக்கு மைக் செட் தொழில். கல்லிடைக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, சாவு எதுவானாலும் கூம்புக் குழாய் கட்டுவது அவர்தான். பாட்டைப் போட்டுவிட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தச் சும்மாவில்தான் அவர் நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் படித்தார், பிற்பாடு செல்போனில் படமாகவும் பார்த்தார். படித்ததெல்லாம் யுத்தம். தலைவலி மருந்துப் பெயர் ஞாபகம் இருக்காது, ரோமாபுரிக்காரர்கள் எந்த ஆற்றங்கரையில் தோற்றார்கள் என்பது ஞாபகம் இருக்கும்.

நாற்காலி வாடகையும் அவரிடம் உண்டு. ஒரு கல்யாணத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை நேர்வரிசையாகப் போடாமல் நடுவில் பிதுங்கி, இரண்டு பக்கமும் பின்வாங்கி இருக்கிற மாதிரிப் போட்டுவைத்தார். கன்னே என்ற இடத்தில் ஹன்னிபால் படையை நிறுத்திய விதமாம் அது. நடுப்படை பைய பின்னால் போக, எதிரி ஆசையோடு உள்ளே வர, இரண்டு ஓரமும் மடங்கி மூடிக்கொண்டதாம். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே வந்து எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தார்கள். பெண்ணின் தகப்பனார் சங்கிலியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னார்; இரண்டும் இங்கே எழுதத் தக்கவை அல்ல.

உள்ளூர்த் தளபதிகளில் அவருக்கு ஊமைத்துரை ஒருவர்தான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, வெள்ளைக்காரர்கள் இடித்த கோட்டையைத் திரும்ப எழுப்பியவர் அல்லவா. அறவே பிடிக்காதவன் ஃபேபியஸ் என்ற ரோமத் தளபதி. சண்டைக்கே வராமல் மலை மேலேயே நின்று ஹன்னிபாலைக் களைக்க வைத்தவன். அவனெல்லாம் ஆம்பிளையா என்பது சங்கிலியின் கட்சி.

இந்தப் பேச்சுக்கு நிரந்தர எதிர்க்கட்சி உரக்கடை அசன் முகம்மது. அவருடைய ஆள் சலாஹுதீன். ஜெருசலேமைப் பிடித்த பிறகு உள்ளே இருந்தவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு போகவிட்டார், பணமில்லாதவர்களிலும் பலரைச் சும்மா விட்டார் என்பதைச் சொல்லிச் சொல்லி மாய்வார். சண்டையில் எதை வென்றான் என்பதைவிட வென்ற பிறகு எப்படி நடந்துகொண்டான் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். சங்கிலி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். வென்ற பிறகு நடப்பதெல்லாம் தாசில்தார் வேலை, தளபதி வேலை இல்லை என்பார். நான் நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பேன். எனக்கு நிலமும் கிடையாது, பிடித்த தளபதியும் கிடையாது.

சங்கிலிக்கு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. அதுதான் வம்புக்கு வேர். பெரிய கால்வாயிலிருந்து பிரிகிற சின்னக் கால் ஒன்று முதலில் பக்கத்து ஊர் மேலப்பத்துக்குப் பாய்ந்து, பிறகு எங்கள் கீழப்பத்துக்கு வரும். மேலப்பத்து மடையை மூடினால்தான் கீழே தண்ணீர். மூன்று நாள் அவர்களுக்கு, மூன்று நாள் இவர்களுக்கு என்று முறை. மழை இருக்கிற வருஷம் முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இல்லாத வருஷம் அதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை.

தண்ணீர் கஷ்டம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் சங்கிலி தன் ஒரே மகள் செல்லக்கிளியை மேலப்பத்தில் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை மாரிசெல்வம் டிராக்டர் ஓட்டுகிறவர். சம்பந்தி சொரிமுத்து சாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர். சங்கிலி ஒருமுறை அவருக்கு மூன்று மணி நேரம் நெப்போலியனைச் சொன்னார். முடிவில் சொரிமுத்து, அந்தப் பையனுக்கு அம்மா அப்பா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

போன கார் நெல் பருவத்தில் மலையில் மழை பொய்த்தது. பாபநாசம் அணையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மேலப்பத்துக்காரர்கள் முறை முடிந்தும் மடையை மூடவில்லை. அவர்கள் பயிரும்தானே வாடுகிறது. கீழப்பத்தில் கதிர் வாங்கிப் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் அத்தனையும் பதர்தான். பொதுப்பணித்துறை அலுவலகத்தில் கொடுத்த மனு கிணற்றில் போட்ட கல். ஊர் கூடிப் பேசினார்கள். மடையில் போய் அடித்துக்கொள்ளலாம் என்றால், மேலப்பத்தில் இருபது பேர் எப்போதும் காவல் இருந்தார்கள். அப்போதுதான் யாரோ, நம்ம ஊரிலேயே ஒரு ஜெனரல் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்றார்கள். கேலிக்குச் சொன்னதோ நிஜமாகச் சொன்னதோ தெரியாது. சங்கிலி நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அறுபது வயதுவரை காத்திருந்து கிடைத்த முதல் படை.

அவர் மனைவி இன்பமணி அன்றைக்குச் சோறு போடும்போதே சொன்னாள்.

"உங்க மவ அங்கன இருக்கா. அத மனசுல வச்சிக்கிட்டு எதுனாலும் செய்யுங்க. நாளைக்கு அவ கண்ணக் கசக்கிட்டு வந்து நின்னா ஹன்னிபாலா வந்து சேத்து வைப்பான்?"

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஜெயிக்கப் போவதாகவும், அதனால் மகளுக்கு ஒன்றும் வராது என்றும் சங்கிலி சொல்லிவிட்டார்.

திட்டம் இதுதான். ஒரு சமயம் ஹன்னிபாலைக் கணவாயில் அடைத்துவிட்டார்கள். அவன் மாடுகளின் கொம்பில் பந்தம் கட்டி இரவில் மலை மேல் விரட்டினான். கணவாயைக் காத்த ரோமர்கள் வெளிச்சத்தைப் பார்த்து அந்தப் பக்கம் ஓட, இவன் படையோடு கணவாய் வழியே நடந்து போய்விட்டான். மேலப்பத்துக்காரர்களை மடையை விட்டு ஓடவைக்க ஒரு பந்தம் வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒன்றுதான் உண்டு. வைக்கோல் படப்பில் தீ என்று சத்தம் கேட்டால், எந்த ஊர் எந்தச் சாதி என்ன பகை என்று பார்க்காமல், கையில் கிடைத்த குடத்தோடு எல்லோரும் ஓடியாக வேண்டும். தீயணைப்பு வண்டி அம்பாசமுத்திரத்திலிருந்து வருவதற்குள் வைக்கோல் போர் சாம்பலாகி, தீ கூரைக்குத் தாவிவிடும். வெட்டுப்பழி இருக்கிற குடும்பங்கள்கூட அந்த நேரத்தில் ஒரே வரிசையில் நின்று குடம் மாற்றியிருக்கின்றன. ஓடாதவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது.

காற்று மேலப்பத்துப் பக்கமிருந்து வீசிச் சத்தத்தைத் தள்ளிவிடும் என்பதால் கூம்புக் குழாயை இரண்டு ஊருக்கும் எல்லையில் நின்ற பனையில் மேலப்பத்தைப் பார்க்கக் கட்டினார். ஈர வைக்கோலைக் கொஞ்சம் கொளுத்திப் புகை கிளப்பினார். பத்து பேர் மடைக்குப் பக்கத்து வாழைத் தோப்பில் காலையிலிருந்தே பதுங்கியிருந்தார்கள். உச்சிவெயிலில், எல்லோரும் சாப்பிட உட்காருகிற நேரம், மைக்கைப் பிடித்தார். கீழப்பத்துப் படப்பில் தீ, ஓடி வாங்க, ஓடி வாங்க என்று அவர் கதறியதைக் கேட்டு, எல்லாம் தெரிந்த நானே எழுந்து குடத்தைத் தேடினேன். கொடைக்கு அழைக்கிற குரல், சாவைச் சொல்கிற குரல், காணாமல் போன மாட்டைத் தேடுகிற குரல் எல்லாம் அதுதான். சுற்று வட்டாரத்தில் அந்தக் குரலை நம்பாதவர் இல்லை.

மேலப்பத்து முழுக்க வந்தது. பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். மொபெட்டில் கேன் கட்டிக்கொண்டு வந்தார்கள். மடைக் காவலில் இருந்த இருபது பேரும்தான். சொரிமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்க வேண்டும், கையில் பருக்கை ஒட்டியிருந்தது. வந்து பார்த்தால், புகைகிற ஒரு கை வைக்கோலும், பக்கத்தில் மைக்கோடு சங்கிலியும். தீ அணைந்துவிட்டது, ஒன்றும் பயமில்லை என்று சங்கிலி சொன்னார். சொரிமுத்து தான் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரை அந்த வைக்கோல் மேல் ஊற்றி, காலால் மிதித்து அணைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குள் மேலப்பத்து மடையின் ஷட்டரை இறக்கி, அதைத் திருகும் இரும்புச் சாவியையும் கழற்றிக்கொண்டு பத்து பேரும் வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கீழப்பத்துக் கால்வாயில் தண்ணீர் வந்தது. சங்கிலியைத் தோளில் தூக்கினார்கள். ஒரு அடி இல்லை, ஒரு கீறல் இல்லை, இப்படி ஒரு வெற்றியை எந்தச் சரித்திரத்திலாவது காட்டு என்று அவர் டீக்கடையில் அசன் முகம்மதிடம் கேட்டார். அசன் முகம்மது டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எதிர்த்தாக்குதல் வரும் என்று சங்கிலி நான்கு பக்கமும் ஆள் போட்டிருந்தார். ஒருவரும் வரவில்லை. கெட்ட வார்த்தைகூட வரவில்லை. அடுத்த நாளும் அப்படியே. தன் வியூகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டார்.

அதற்கு மறுநாள் காலையில் செல்லக்கிளி ஒரு பையோடு வந்து நின்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இன்பமணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சங்கிலிக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பினது யார், மாப்பிள்ளையா சம்பந்தியா என்று குதித்தார். யாரும் அனுப்பவில்லை, தானாக வந்தேன் என்றாள் அவள். அங்கே ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மாமியார் வழக்கம்போல் தலை பின்னிவிட்டாளாம். சாப்பிட்டாயா என்று மாமா கேட்டாராம். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றாள்.

சங்கிலி அவளுக்கு யுத்த தர்மத்தை விளக்கப் பார்த்தார். எதிரியை ஏமாற்றுவது தப்பில்லை, எல்லாப் பெரிய தளபதிகளும் செய்ததுதான் என்றார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பைய, சத்தம் உயராமல் சொன்னாள்.

"அவுக ஓடி வருவாகன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். அத நம்பித்தானப்பா திட்டமே போட்டீங்க. வருவாகன்னு இம்புட்டு நம்பிக்க இருக்கவுகள எப்பிடிப்பா எதிரிங்கிய?"

சங்கிலி எழுந்து சட்டையை மாட்டினார்.

பழம், வெற்றிலையோடு போய்ச் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றார் கடைசியில். அவள் சம்மதிக்கவில்லை. ஓடி வந்தது மாமா மட்டும் இல்லை, ஊர் முழுக்க ஓடி வந்தது. ஊர் முழுக்கக் கேட்க வேண்டும். மைக்கில் சொன்ன பொய்யை மைக்கிலேயே சொன்னால்தான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக முடியும், இல்லையென்றால் முடியாது என்றாள். சும்மா சொல்லவில்லை. பையை உள்ளே கொண்டுபோய்க் கொடியில் சேலைகளைப் போட ஆரம்பித்துவிட்டாள்.

அவருக்கு அது லேசான காரியமில்லை. பிழைப்பே அந்தக் குரல்தான். பொய் சொன்னேன் என்று சொன்ன வாயை அப்புறம் எந்த ஊர் கொடைக்குக் கூப்பிடும்? மத்தியானம்வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜெயித்த பிறகு தோற்றேன் என்று சொன்ன ஆள் எவனாவது உண்டா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உள்ளே கொடியில் மகளின் சேலைகள் தொங்குவது அங்கிருந்தே தெரிந்தது. எழுந்து போய் எல்லைப் பனையில் குழாயைக் கட்டினார்.

"மேலப்பத்துக்காரவுகளுக்கு வணக்கம். கீழப்பத்து சங்கிலிபூதத்தான் பேசுதேன். முந்தாநாள் படப்புல தீன்னு நான் சொன்னது பொய்யி. புகையப் போட்டது நாந்தான். தண்ணிக்காவ உங்கள ஏமாத்துனேன். நாளைக்கு எங்கனயாவது நெசமா தீ புடிச்சா, இவன் சொன்னது மாதிரித்தான்னு வராம இருந்துராதிங்க. தப்பு எம்மேலதான். அந்தச் சத்தத்து மேல இல்ல."

மூன்று தடவை சொன்னார். கீழப்பத்தில் அவரைத் தோளில் தூக்கியவர்களே காறித் துப்பினார்கள், ஊர் மானத்தை வாங்கிவிட்டான் என்று. அந்த வருஷம் மேலப்பத்துக் கொடைக்கு முக்கூடலிலிருந்து வேறு மைக் செட் வந்தது. அவர் எதிர்பார்த்ததுதான்.

செல்லக்கிளி கொடியிலிருந்து சேலைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். ஷட்டர் சாவியைக் கேட்டாள். சங்கிலி எடுத்துக் கொடுத்தார். முழங்கை நீள இரும்பு, பைக்குள் அடங்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுக் கால்வாயோரமாக நடந்து போனாள்.

இனிமேல் தண்ணீர் நின்றுவிடும், மிச்சப் பயிர் அவ்வளவுதான் என்று நாங்கள் வயலுக்குப் போனோம். வெயில் தாழ்ந்தது. தண்ணீர் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், மேலப்பத்தில் தங்கள் மடை ஷட்டரைப் பாதிதான் தூக்கி மிச்சத் தண்ணீரைக் கீழே விட்டிருக்கிறார்கள் என்றும், திருகினது சொரிமுத்து என்றும் சொன்னார்கள். சங்கிலி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், துண்டால் முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. அவர் வயலில் பாதித் தண்ணீர் பைய ஏறிக்கொண்டிருந்தது.